முன்கதவுக்கு மூன்று பூட்டு, பின்கதவுக்கு ஒரு கொக்கி: பூட்டுக் கடையில் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், பிறையில், 18 வருடமாகப் பூட்டுக் கடை நடத்துகிறேன். சாவி வெட்டுவது, பூட்டு மாற்றுவது, கிரில் கதவைப் பழுது பார்ப்பது என்று தொழில். என்னிடம் ஆட்கள் இரண்டு சமயங்களில்தான் கூட்டமாக வருவார்கள்: தீபாவளிக்கு முந்தின வாரம், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் திருட்டுப் போன மறுநாள் காலை. கேட்கிற கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. சாவி வெட்டும் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். வரிசை வீடு, பிளாட், கொண்டோவில் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். பங்களாக்காரர்கள் என் கடைக்கு வருவதில்லை.

"எங்கள் வீட்டில் திருட என்ன அண்ணே இருக்கிறது?"

அது உங்களுக்குத் தெரியும். திருடனுக்குத் தெரியாதே. உள்ளே வந்து அலமாரியைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தெரியும். அதற்குள் உங்கள் கதவு போயிருக்கும்.

தவிர, ஒன்றுமே இல்லாத வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. கைப்பேசி, மடிக்கணினி, பிள்ளையின் தோடு, சாமி மேடையில் பித்தளைக் குத்துவிளக்கு, பெருநாளுக்கு வந்த அங்பாவ் (அன்பளிப்புக் கவர்) பணம் என்று ஏதாவது இருக்கும். எதுவும் கிடைக்காமல் ஏர்கான் செம்புக் குழாயை வெட்டிக்கொண்டு போனவனும் உண்டு. கடப்பிதழ், பிறப்புப் பத்திரம், வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்) எல்லாம் ஒரே பையில் இருந்து அந்தப் பை போய்விட்டால், அப்புறம் எத்தனை அலுவலகம் ஏற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

"பெரும்பாலும் எந்த வழியாக வருகிறான்?"

நான் பழுது பார்த்த வீடுகளை வைத்துச் சொல்கிறேன்: சமையலறைப் பின்கதவு, பின்பக்க ஜன்னல், பூட்டாமல் விட்ட சறுக்குக் கண்ணாடிக் கதவு. முன்கதவை உடைத்து வந்தவன் குறைவு. நம் ஆட்கள் காசைச் செலவழிப்பது விருந்தாளி வருகிற பக்கம். தேக்குக் கதவு, பூப்போட்ட கிரில், மூன்று பூட்டு. பின்பக்கம் சந்து, அங்கே ஒரு பிளைவுட் கதவு, ஒரு கொக்கி. திருடன் விருந்தாளி இல்லை, அவனுக்குச் சந்துதான் வாசல்.

பழைய வரிசை வீடுகளில் நாக்கோ ஜன்னல் இருக்கும், அடுக்கடுக்காகக் கண்ணாடிப் பட்டை வைத்தது. ஒரு முறை ஓர் ஆன்ட்டி வீட்டில் பார்த்தேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் அலுமினியக் கிளிப்பின் நுனியை விரலால் நிமிர்த்தி, ஏழு கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி, துணி துவைக்கும் மெஷின் மேல் அழகாக அடுக்கி வைத்திருந்தான். ஒன்றுகூட உடையவில்லை. ஆன்ட்டி மேல் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். "நான்கூட இவ்வளவு பதமாகக் கழற்றிக் கழுவ மாட்டேன்" என்றார்.

"கையில் 500 வெள்ளி (ரிங்கிட்) தான் இருக்கிறது. முதலில் எதைச் செய்வது?"

செலவில்லாத வேலை ஒன்றை முதலில் செய்யுங்கள். சாயங்காலம் வீட்டைப் பூட்டிவிட்டுப் பின் சந்துக்குப் போய் நில்லுங்கள். சாவி இல்லாமல் நீங்களே உள்ளே போக வேண்டும் என்றால் எந்த வழியாகப் போவீர்கள்? மனத்தில் முதலில் தோன்றுகிற இடம்தான் முதல் செலவு.

அனேகமாக அது பின்கதவாக இருக்கும். அதற்கு ஒரு நல்ல டெட்போல்ட் (சதுர நாக்குப் பூட்டு) போடுங்கள். நாக்கோ இருந்தால் உள்பக்கம் கம்பி வையுங்கள். சறுக்குக் கதவின் தண்டவாளத்தில் ஒரு துடைப்பக் கட்டையை அளவாக வெட்டிப் படுக்க வைத்தால் போதும், வெளியிலிருந்து தள்ள முடியாது. மீதிக் காசில் பின்பக்கத்துக்கு ஆள் நடமாட்டத்துக்கு எரியும் விளக்கு ஒன்று. ஏணி, வெட்டுக்கத்தி, மண்வெட்டி இவற்றை வெளியே போட்டு வைக்காதீர்கள். திருடனுக்கு நாமே சாமான் வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகும்.

"எந்தப் பூட்டு நல்லது? விலை கூடினால் நல்லதா?"

விலையைப் பார்ப்பதைவிட எங்கே மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். தொங்குபூட்டு என்றால் வளையம்தான் முக்கியம். வளையம் நீளமாக வெளியே தெரிந்தால் போல்ட் கட்டர் உள்ளே நுழைய இடம் கிடைக்கும். வளையம் குட்டையாக, கடினப்படுத்திய இரும்பாக, இரண்டு பக்கமும் பூட்டின் உடம்பே தோள் மாதிரி உயர்ந்து மூடியிருப்பது நல்லது. ஆனால் நூறு வெள்ளிப் பூட்டை மெல்லிய தகட்டுக் கொண்டியில் மாட்டினால் அவன் பூட்டைத் தொடவே மாட்டான், கொண்டியைப் பிய்ப்பான்.

மரக் கதவில் உருண்டைக் கைப்பிடிப் பூட்டு மட்டும் இருந்தால் அது அறைக் கதவுக்குத்தான் சரி. சரிவான நாக்கு; கதவிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைச் செருகித் தள்ளினால் பல வீடுகளில் திறந்துவிடும். டெட்போல்ட்டின் நாக்கு சதுரமானது, தள்ள முடியாது. கதவுச் சட்டத்தில் நாக்கு போய் உட்காரும் தகடு இருக்கிறதே, அதைப் பெட்டியோடு வரும் குட்டை ஸ்க்ரூவால் மாட்டாமல் மூன்று அங்குல ஸ்க்ரூவால் மாட்டச் சொல்லுங்கள். ஒரு உதை வாங்கும்போது பிளப்பது பூட்டு இல்லை, அந்தச் சட்டம்தான்.

"எல்லா ஜன்னலுக்கும் கிரில் போட்டுவிட்டேன். இனிப் பயமில்லைதானே?"

கிரிலைச் சுவரில் எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளியிலிருந்து ஸ்க்ரூத் தலை தெரிந்தால் ஸ்க்ரூடிரைவர் போதும். தலையை வெல்டிங் வைத்து மூடியிருக்க வேண்டும். வெற்றுக் குழாய்க் கம்பியைவிட மைல்ட் ஸ்டீல் கெட்டிக் கம்பி நல்லது. கிரில் கதவு என்றால் பூட்டு இருக்கும் இடத்தைச் சுற்றி இரும்புப் பெட்டி வையுங்கள், வெளியிலிருந்து கட்டரை உள்ளே விட முடியாதபடி.

கூரையை மறக்காதீர்கள். பக்கத்து வீடு காலியாக இருந்தால் அதன் வழியாக ஏறி, ஓட்டைக் கழற்றி, சீலிங்கை மிதித்து இறங்கியவன் உண்டு. கிரிலுக்கு அங்கே வேலையே இல்லை. காலியான பக்கத்து வீட்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

"நான்கு பூட்டுப் போட்ட கிரிலுக்குள் படுத்திருக்கிறோம். தீப்பிடித்தால் எப்படி அண்ணே வெளியே வருவது?"

இதைக் கேட்கிறவர்கள் குறைவு. எல்லாரும் கேட்க வேண்டும். இந்த நாட்டில் வீட்டுத் தீயில் இறந்தவர்களைக் கிரிலுக்கு உள்பக்கம் கண்டெடுத்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். திருடனுக்கு ஐந்து நிமிடம் தாமதம் உண்டாக்கும் பூட்டு, புகையில் உங்களுக்கும் அதே ஐந்து நிமிடத்தை உண்டாக்கும். புகை அவ்வளவு நேரம் தராது.

ஆகவே சில கட்டுப்பாடுகள். கிரில் கதவுக்கு ஒரே பூட்டு, அது நல்ல பூட்டு. மூன்று மட்டமான பூட்டுக்கு அது மேல். சாவி கதவுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில், ஆனால் ஜன்னல் வழியே கையோ கம்பியோ விட்டு எடுக்க முடியாத தூரத்தில் இருக்க வேண்டும். அந்தச் சாவி வேறெங்கும் போகக் கூடாது. கடைக்குப் போக வேறு சாவி. மேல் மாடியில் ஒரு படுக்கையறை ஜன்னல் கிரிலாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். எல்லா ஜன்னலையும் திறக்க முடியாமல் அடைத்துவிடாதீர்கள் என்று பொம்பாக்காரர்கள் (தீயணைப்புத் துறையினர்) சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அப்புறம், ஒரு ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பாட்டி முதல் பிள்ளை வரை ஒவ்வொருவரையும் அந்தச் சாவியை எடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் செய்தபோது என் மாமியாரால் பூட்டுத் துளையைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அடுத்த நாளே உள்பக்கம் திருகினால் திறக்கும் பூட்டாக மாற்றினேன். கம்பிக்குள் கைவிட்டு அதைத் திருகாதபடி தகடு அடித்திருக்கிறேன்.

"சாவியை வெளியே எங்கே ஒளித்து வைப்பது?"

எங்கேயும் வேண்டாம். துளசி மாடம், பூந்தொட்டி, செருப்பு அலமாரி, மீட்டர் பெட்டி, எல்லாமே அவனுக்குத் தெரியும். நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் ஒன்று கொடுங்கள். புது வீட்டுக்குக் குடிபோனால், வாடகை வீடானாலும் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு, முதல் வாரமே பூட்டின் உள்ளுறுப்பை மாற்றுங்கள். முன்பிருந்தவர் எத்தனை பிரதி வெட்டினார் என்று வெட்டிக் கொடுத்த எனக்கே நினைவிருக்காது.

"ஆட்டோ கேட் இருக்கிறதே, அது போதாதா?"

அது சோம்பலுக்கு நல்ல மருந்து, பாதுகாப்பு என்று முழுசாக நம்பாதீர்கள். பழைய ரிமோட்டுகள் 330 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் ஒரே மாறாத குறியீட்டை அனுப்புபவை. பிரதி எடுக்க ஒரு நிமிடம் ஆகும். நானே தினம் எடுத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் குறியீடு மாறுகிற ரோலிங் கோட் வகைக்கு மாறுங்கள். கார் கழுவக் கொடுக்கும்போதும் வர்க்‌ஷாப்பில் விடும்போதும் ரிமோட்டையும் வீட்டுச் சாவியையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கேட்டுக்குக் கீழ் தாழ்ப்பாளும் போடுங்கள்; கரண்ட் இல்லாத சமயத்துக்கு உதவும்.

கேட் திறந்து மூடும் அந்தப் பத்து இருபது நொடிதான் ஆபத்தான நேரம். வேலை முடிந்து தனியாக வருகிற பெண்களிடம் நான் சொல்வது இது: பின்னால் மோட்டார் சைக்கிள் வந்தால் கேட்டைத் திறக்காதீர்கள், வீட்டைத் தாண்டி ஒரு சுற்றுப் போய் வாருங்கள். உள்ளே வந்ததும் கார் கதவைத் திறக்கும் முன் கேட் முழுதாக மூடட்டும்.

"மகன் டிஜிட்டல் லாக் போடச் சொல்கிறான். நம்பலாமா?"

நம்பலாம். சாவி தொலையாது, வேலைக்காரப் பெண்ணுக்குத் தனி எண் கொடுத்து, அவர் வேலையை விட்டு நின்றதும் அழித்துவிடலாம். பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். முன்கூட்டியே பீப் அடித்துச் சொல்லும், மீறித் தீர்ந்தாலும் பல மாடல்களில் வெளியே கீழ்ப்பக்கம் 9 வோல்ட் பேட்டரியை வைத்து உயிர் கொடுக்க இடம் இருக்கும். தினம் அழுத்தும் நான்கு எண்களில் மட்டும் விரல் பிசுக்குத் தெரியும், வாரம் ஒரு தடவை துடையுங்கள். முன்னும் பின்னும் வீண் எண்கள் சேர்த்து அழுத்த அனுமதிக்கும் மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

அவசரத்துக்கென்று ஒரு சாவித் துவாரமும் கொடுத்திருப்பார்கள். மலிவான மாடலில் அந்தத் துவாரம்தான் பலவீனம். ஆயிரம் வெள்ளி லாக்கில் ஐந்து வெள்ளி சிலிண்டர் இருப்பதை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அப்புறம், முன்கதவில் இதைப் போட்டுவிட்டுப் பின்கதவில் கொக்கியை விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன சந்து இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

"சிசிடிவி போட்டாயிற்று. அலாரமும் வேண்டுமா?"

கேமரா நடந்ததைச் சொல்லும், அலாரம் நடக்கும்போது கத்தும். இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்றுதான் முடியும் என்றால் நான் அலாரம் என்பேன். கேமராக்காரர்கள் கோபிக்கலாம்.

கேமரா வைத்தால் கூரை விளிம்பில் வைக்காதீர்கள். தொப்பியின் உச்சி நன்றாகத் தெரியும், முகம் தெரியாது. வாசலுக்குள் நுழைகிறவனின் முகம் விழுகிற உயரத்தில் ஒன்றாவது வேண்டும். பதிவுப் பெட்டியைத் தொலைக்காட்சிக்குக் கீழே வைத்தால் அவன் தொலைக்காட்சியோடு அதையும் எடுத்துப்போவான். சீலிங்கிலோ அலமாரி மேல்தட்டிலோ வையுங்கள், அல்லது பதிவு இணையத்தில் சேரும் வகையை வாங்குங்கள். பல வரிசை வீடுகளில் மீட்டர் வெளியே கேட் பக்கம் இருக்கும். கரண்ட்டை அங்கேயே நிறுத்திவிட்டால் வைஃபையும் போய்விடும், பேட்டரி இல்லாத அலாரமும் போய்விடும். பொம்மைக் கேமரா வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகளே அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

"அலாரம் சும்மா சும்மா அடிக்கிறது. அணைத்தே வைத்துவிட்டோம்."

பாதிப் பேர் இப்படித்தான். குற்றவாளி பெரும்பாலும் பல்லி. அசைவு உணரியின் முகத்திலேயே பல்லி ஊர்ந்தால் அதற்கு அது ஆள் மாதிரி. மூலையில் சிலந்தி வலை இருந்தாலும், எதிரே வெயில் படும் திரை ஆடினாலும் இப்படி அடிக்கும். துடைத்து, இடம் மாற்றிப் பாருங்கள். கதவு ஜன்னல்களில் வைக்கும் காந்த வகைக்குப் பல்லித் தொல்லை இல்லை. வீட்டில் ஆள் படுத்திருக்கும்போதும் போட்டு வைக்கலாம்.

நம் ஊர் இடி மின்னலில் அலாரம் போர்டும் ஆட்டோ கேட் போர்டும் அடிக்கடி எரிந்துபோகும். மின்னல் அடித்த மறுநாள் ஒரு தடவை அடிக்கவிட்டுச் சோதியுங்கள்.

"பக்கத்து வீட்டுக் கேமரா எங்கள் வாசலையே பார்க்கிறது. சட்டம் இடம் கொடுக்கிறதா?"

2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, குடும்ப உபயோகத்துக்கு விலக்குக் கொடுக்கிறது. அதனால் வீட்டுக் கேமராவை வைத்து அந்தச் சட்டத்தின்கீழ் போவது கடினம். ஆனால் அதோடு முடியவில்லை. அடுத்த வீட்டு முற்றத்தை நேராகப் பார்க்கும்படி கேமரா வைத்த ஒருவருக்கு எதிராக ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அண்டை வீட்டாரின் அந்தரங்கம் பாதிக்கப்படுகிறது என்று.

வக்கீலுக்கு முன் ஒரு கோப்பி குடித்துப் பேசிப் பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் திருப்பச் சொல்லலாம், செயலியில் உங்கள் பக்கத்தை மறைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. உங்கள் கேட்டும் பின் சந்தும் அதில் விழுவது உங்களுக்கும் லாபம்தான்.

"தீபாவளிக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறோம். என்ன செய்துவிட்டுப் போவது?"

பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். அவர் சீனரோ மலாய்க்காரரோ என்றால் இன்னும் நல்லது, அவர் அன்றைக்கு வீட்டில் இருப்பார். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் பெருநாளுக்கும் நீங்கள் அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் காரை உங்கள் போர்ச்சில் நிறுத்தச் சொல்லலாம். தபால் பெட்டி நிரம்பக் கூடாது. பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் வாசல் விளக்கு, ஆள் இல்லை என்று ஊருக்கே சொல்லும். நேரம் வைத்து எரிந்து அணையும் ஸ்விட்ச் வாங்குங்கள். கேட்டுக்கு வெளிப்பக்கம் பெரிய பூட்டும் சங்கிலியும் போட்டாலும் அதே கதைதான், உள்பக்கம் போடுங்கள். அருகிலிருக்கும் போலீஸ் நிலையத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். பெருநாள்தோறும் போலீசே அதைக் கேட்டுக்கொள்கிறது.

ஃபேஸ்புக் படங்களைத் திரும்பி வந்து போடுங்கள். இங்கே தைப்பூசத்தன்று தெருவே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விடும். காவடி நேரலையில் ஓடும்போது வீடு காலி என்று கணக்குப் போட ஜோசியம் தேவையில்லை.

"நகையை எங்கே வைப்பது? அடகுக் கடையில் வைத்துவிட்டுப் போகலாமா?"

நம் பாட்டிமார் கண்டுபிடித்த வழி இது, தப்பில்லை. கொஞ்சக் கடனுக்கு வைத்தால் வட்டியும் கொஞ்சம்தான். சட்டப்படி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது, மீட்க 6 மாதத் தவணை உண்டு. உரிமம் உள்ள கடையா என்று பார்த்து, அடகுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சீட்டு வீட்டிலேயே கிடந்து திருட்டுப் போனால் வேடிக்கையாகிவிடும். வங்கிப் பெட்டகம் கிடைத்தால் அது மேல். ஆனால் உள்ளே இருப்பது காணாமல் போனால் வங்கியின் பொறுப்பு எவ்வளவு என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

வீட்டில் வைப்பதென்றால் படுக்கையறை அலமாரியில், சேலைக்கு அடியில் வேண்டாம். எல்லா வீட்டிலும் அங்கேதான். அரிசி டப்பாவும் பழைய தந்திரம். சுவரிலோ தரையிலோ போல்ட் அடித்த இரும்புப் பெட்டி வையுங்கள். போல்ட் அடிக்காத பெட்டி, கைப்பிடி வைத்த நகைப்பெட்டி மாதிரி. ஒவ்வொரு நகையையும் ரசீதோடு சேர்த்துப் படம் எடுத்து வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். ஏன் என்பது இன்சூரன்ஸ் கேள்வியில் வரும்.

"டெங்கி, கரண்ட், தண்ணீர் ஃபில்டர் என்று கேட்டில் வந்து நிற்கிறார்கள். எப்படி நம்புவது?"

கிரிலைத் திறக்காமல் பேசுங்கள். உண்மையான அதிகாரி அடையாள அட்டையைக் காட்டுவார், காத்திருப்பார், கோபிக்க மாட்டார். அட்டையில் இருக்கும் தொலைபேசி எண்ணைக் கூப்பிடாதீர்கள். உங்கள் பில்லில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கரண்ட் மீட்டர் வெளியே இருக்கும்போது உள்ளே வர வேண்டும் என்றால் சந்தேகப்படலாம். ஃபில்டர் விற்பவருக்கு "வேண்டாம்" போதும், தனியாக இருக்கிறேன் என்ற விவரம் தேவையில்லை. வயதானவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். தாகமாக இருக்கிறது என்றால் நம் அம்மாக்கள் கதவைத் திறந்துவிடுவார்கள்.

"நாங்கள் கொண்டோவில் 14ஆவது மாடி. இங்கே யார் வரப்போகிறார்?"

லிஃப்டில் வருவான். அணுகு அட்டையை நீங்கள் தட்டும்போது பின்னாலேயே நுழைவான், நீங்களே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். மேல் மாடி என்ற தைரியத்தில் பால்கனிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர்களும் பலர். ஏர்கான் வைக்கும் திட்டு வழியாக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாண்டலாமா என்று எட்டிப் பாருங்கள். வெளியே கிரில் போடுமுன் நிர்வாகத்தைக் கேளுங்கள், சில இடங்களில் குறிப்பிட்ட வடிவம்தான் போடலாம். தீ பற்றி மேலே சொன்னது உயரமான வீட்டுக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

"எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) காவலுக்கு மாதாமாதம் பணம் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் உள்ளே விடமாட்டார்களா?"

கொண்டோ, பிளாட் மாதிரி ஸ்ட்ராட்டா சொத்து என்றால் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். சாதாரணத் தாமானில் குடியிருப்போர் சங்கம் போட்ட காவல் என்றால் கதை வேறு. சாலை பொதுச் சாலை. உங்களை உள்ளே வர விடாமல் தடுக்க முடியாது. ஆனால் கட்டாதவருக்குத் தடுப்புக் கம்பத்தைக் காவலர் தூக்கிவிட வேண்டும் என்றும் இல்லை. அப்படி ஒரு வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போய், நகராட்சி அனுமதியோடு போட்ட தடுப்பில் தானே தூக்கிக்கொண்டு போவது அசௌகரியம்தான், சாலை மறிப்பு இல்லை என்று 2015இல் தீர்ப்பானது.

என்னைக் கேட்டால் கட்டிவிடுங்கள், கூட்டத்துக்கும் போங்கள். காவல் நிறுவனத்துக்கு உள்துறை அமைச்சு உரிமம் இருக்கிறதா, காவலர் இரவு 3 மணிக்குச் சுற்றுகிறாரா என்று கேட்க ஆள் வேண்டும். காசில்லாத தாமானுக்கு ருக்குன் தெதாங்கா இருக்கிறது, அக்கம்பக்கத்தார் சேர்ந்து ரோந்து போகும் அமைப்பு. 1975இல் தொடங்கியது, இன்று 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. நானும் போகிறேன். பாதி நேரம் தேநீர்தான், ஆனால் பின் சந்தில் டார்ச் அடித்துக்கொண்டு நான்கு பேர் நடந்தாலே போதும்.

"ராத்திரி கீழே சத்தம் கேட்கிறது. பாராங் கத்தியோடு இறங்கலாமா? அடித்தால் நம் மேல் கேஸ் வருமா?"

இறங்காதீர்கள். அவன் எத்தனை பேர், கையில் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளை ஓர் அறைக்குள் சேர்த்து உள்பக்கம் பூட்டி, 999ஐக் கூப்பிடுங்கள். முகவரியை முதலில் சொல்லுங்கள், பிறகு மற்றது. அலாரத்துக்கு அவசர பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், விளக்கைப் போடுங்கள், கத்துங்கள். அவன் ஓடட்டும், ஓடும் வழியை மறிக்காதீர்கள். நேரே எதிரில் வந்துவிட்டான் என்றால் கேட்டதைக் கொடுங்கள்.

சட்டத்தைப் பற்றி: நான் வக்கீல் இல்லை. குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைக் கொடுக்கின்றன, சொத்துக்கும் சேர்த்து. இரவில் வீடு உடைத்து நுழைவது போன்ற கடுமையான சில சந்தர்ப்பங்களில் அந்த உரிமை உயிர் போகும் அளவுக்கும் நீளலாம் என்று 103ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு மார்தட்டுகிறவர்கள் 99ஆம் பிரிவைப் படிப்பதில்லை: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் காயப்படுத்தக் கூடாது. கீழே விழுந்து கிடப்பவனை, பிடித்துக் கட்டிப்போட்டவனை, சந்தில் ஓடுகிறவனைத் துரத்தி அடிப்பது தற்காப்பில் வராது. அப்போது விலங்கு உங்கள் கைக்குத்தான் வரும்.

"வீட்டுக்கு வந்தால் கதவு உடைந்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?"

உள்ளே போகாதீர்கள். அவன் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே வந்து, தூரத்தில் நின்று 999. போலீஸ் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாமல், கூட்டாமல், துடைக்காமல் விட வேண்டும். நம் பெண்கள் பாவம், விருந்தாளி வருகிற மாதிரி வீட்டை ஒழுங்குபடுத்திவிடுகிறார்கள், கைரேகையும் போய்விடுகிறது. நீங்கள் படம் எடுங்கள். வங்கி அட்டைகள், கைப்பேசி சிம் இவற்றை உடனே முடக்குங்கள். போன பொருள்களை அவசரமாகச் சொல்லிவிட்டு மறந்தவை பிறகு நினைவுக்கு வந்தால் கூடுதல் ரிப்போர்ட் செய்யலாம்.

"பேங்க் லோனோடு இன்சூரன்ஸ் எடுத்தோமே. திருட்டுக்குக் கொடுக்கும்தானே?"

பெரும்பாலும் கொடுக்காது. லோனுக்கு எடுப்பது கட்டடத்துக்கானது, தீ அல்லது ஹவுஸ்ஓனர் பாலிசி. உள்ளே இருக்கும் சாமானுக்கு ஹவுஸ்ஹோல்டர் என்று தனியாக இருக்கிறது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

ஹவுஸ்ஹோல்டர் எடுத்திருந்தாலும் உள்ளே நிபந்தனைகள் உண்டு. கதவையோ ஜன்னலையோ வன்முறையாக உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் திருட்டாகக் கணக்கில் எடுப்பார்கள். திறந்து கிடந்த பின்கதவு வழியே போனதற்கு வராது. தங்கம் வெள்ளிக்கு மொத்த சாமான் காப்புத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் உச்சம், தனியாக அறிவிக்காத எந்த ஒரு நகைக்கும் 5 விழுக்காடு. 60,000 வெள்ளிக்கு எடுத்தவருக்கு நகை மொத்தத்துக்கும் 20,000, ஒரு தாலிக்கொடிக்கு 3,000. இன்றைய தங்க விலையில் அது கொக்கிக்குக்கூடப் போதுமா பாருங்கள். ஆகவே பெரிய நகைகளைத் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். படமும் ரசீதும் அதற்குத்தான். ஆண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வீடு ஆளில்லாமல் கிடந்தால் திருட்டுக் காப்பு நின்றுவிடும் என்ற வரியும் வழக்கமாக இருக்கும். உங்கள் பாலிசியில் இவை எப்படி எழுதியிருக்கின்றன என்று ஏஜென்டை உட்கார வைத்துக் கேளுங்கள்.

"ஒரு தடவை வந்தவன் திரும்ப வருவானா?"

வரலாம். வழி தெரியும், விட்டுப்போன சாமானும் தெரியும், நீங்கள் புதிதாக வாங்கப் போவதும் தெரியும். முதல் சில வாரங்களில்தான் கவனம் அதிகம் வேண்டும். அன்றிரவே கதவைச் சரிசெய்யுங்கள். சாவிக்கொத்து காணாமல் போயிருந்தால் எல்லாப் பூட்டையும் மாற்றுங்கள். புதுத் தொலைக்காட்சியின் அட்டைப் பெட்டியைக் கேட்டுக்கு வெளியே குப்பைக்கு வைக்காதீர்கள். கிழித்து, வேறு குப்பையோடு சேர்த்துப் போடுங்கள்.

"ராத்திரி சாவி தொலைந்தால் வந்து திறந்து கொடுப்பீர்களா?"

வருவேன். ஆனால் திறக்குமுன் மைகார்டைக் (அடையாள அட்டையை) கேட்பேன், முகவரி பார்ப்பேன். அட்டை உள்ளே இருக்கிறது என்றால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடச் சொல்வேன், திறந்த பிறகும் அட்டையைப் பார்ப்பேன். போன வருடம் ஒரு தம்பி மழையில் நனைந்துகொண்டு "நான் யார் தெரியுமா அண்ணே" என்று கோபித்தார். எதிர்வீட்டு அங்கிள் எழுந்து வந்து அடையாளம் சொல்ல இருபது நிமிடம் ஆனது. கேட்காமல் திறக்கிற பூட்டுக்காரன் உங்களுக்குக் கிடைத்தால் அவன் எண்ணை வைத்துக்கொள்ளாதீர்கள்.